அமராவதியில் கிடைக்காத காசுகள்

என்னிடம் உள்ள ரோம வெள்ளிக்காசுகளில் ஒரு பகுதி எனக்கு உரியது அல்ல. அவற்றை வாங்கியது குற்றம். மறைத்தது அதைவிடப் பெரிய குற்றம். அவை கிடைத்த இடத்தைப் பற்றிப் பொய் சொன்னேன். அந்தப் பொய் ஓர் ஆய்வேட்டில் ஏறிவிட்டது. காசுகளை மண்ணிலிருந்து எடுத்த மனிதர் திருடர் என்ற பெயரோடு ஊரைவிட்டுப் போனார். அவர் திருடவில்லை என்று சாட்சி சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் சொல்லவில்லை.

இதை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பின்னால் வரும் விவரங்களைப் படிக்கும்போது உங்களுக்கு என் மேல் இரக்கம் வரக்கூடாது.

தெனாரியஸ் என்பது ரோமர்களின் வெள்ளிக்காசு. நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது. எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கொங்கு நாட்டு மண்ணில் இது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. 1842-இல் கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ஒரே இடத்தில் 500-க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் கிடைத்தவை 1,000-க்கும் அதிகம். பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகள். அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் அவருடைய பேரன்கள் காயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்பார்கள். திபேரியஸ் காசின் பின்புறத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. அரசனின் தாய் லிவியா என்று சொல்வார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழி, படியூரின் பச்சைக்கல், கொடுமணலின் கல்மணிப் பட்டறைகள். இவற்றை நோக்கி வந்த வெள்ளி இது என்பது அறிஞர்கள் கருத்து. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். கணக்குப் போட்டால் ஒன்றேகால் கோடி தெனாரியஸ்.

இவ்வளவும் எனக்கு அப்போதே மனப்பாடம். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

நான் ஒரு வங்கியில் காசாளராக இருந்தேன். காசு சேர்ப்பது முதலில் ஆசை. பிறகு அது பெருமையாகிவிட்டது. நாணயக் கண்காட்சிகளில் என் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். ரோமக் காசா, அவரைக் கேளுங்கள் என்பார்கள். அந்தச் சொல்லுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். மண்ணுக்குள் இருப்பது நம் எல்லோருக்கும் சொந்தம் என்று பிள்ளைகளிடம் பேசுவேன். வீட்டுக்கு வந்து பீரோவைப் பூட்டிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாலை. பழைய வெள்ளி வாங்கும் பத்தர் ஒருவர் ஓர் ஆளை என்னிடம் அனுப்பிவைத்தார். தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போது கடப்பாரை ஒரு கலயத்தில் பட்டிருக்கிறது. கிழிந்த வேட்டித் துணியில் முடிந்து கொண்டுவந்தார். அவிழ்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பதுக்கு மேல் இருக்கும். மண்ணும் பச்சைக் களிம்பும் அப்பிய தெனாரியஸ்கள்.

"கலயம் எங்கே?" என்று கேட்டேன்.

"ஒடஞ்சு போச்சுங்க. ஓட்டையெல்லாம் வரப்புல வீசிட்டனுங்க."

மறுநாளே போய் அந்த ஓடுகளைப் பொறுக்கியிருக்கலாம். எந்த ஆழத்தில் இருந்தது, குழி எந்தப் பக்கம், கூடவே வேறு என்ன வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதியிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் உஷாராகிவிடுவார், விலை ஏறிவிடும் என்று நினைத்தேன்.

"பாத்துக் குடுங்க சாமி. புள்ளைக்குக் காதுகுத்து வெச்சிருக்கறனுங்க" என்றார்.

நிறுத்துப் பார்த்து அன்றைய வெள்ளி விலையைக் கொடுத்தேன். மேலே நூறு ரூபாய் போட்டேன். கண்காட்சியில் அதில் நல்ல காசு ஒன்றுக்குக் கிடைக்கும் விலை அந்த மொத்தத் தொகையைவிட அதிகம். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நூறு ரூபாய்க்கு அவர் கும்பிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

பிறகு சொன்னேன். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. என் பேரு எங்கயும் வரக் கூடாது."

"வராதுங்க" என்றார். கடைசி வரை வரவில்லை.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும் தரும். நான் இந்தக் கணக்கைப் போட்டேன். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் அவர் கைக்கு வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கும். ஆக, நான் அவரை ஏமாற்றவில்லை. பல ஆண்டுகள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தூங்கினேன்.

கணக்கு சரிதான். ஆனால் ஆட்சியர் அலுவலகத்தில் அவர் பெயரும் காசுகளின் எண்ணிக்கையும் ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்தத் தாள் ஒன்றே அவரைக் காப்பாற்றியிருக்கும். எதிலிருந்து என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் அன்றிரவு நான் செய்தது.

நான்கைந்து காசுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விளக்கைக் கிட்டத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். களிம்பின் மேல் நெசவு தெரிந்தது. ஊடும் பாவும் குறுக்கே ஓடின. நூலின் முறுக்குகூடத் தெரிந்தது. துணி எப்போதோ மக்கிப்போயிருந்தது. அதன் தடத்தைச் செம்புக் களிம்பு பிடித்து வைத்திருந்தது. காசுகளைத் துணியில் முடிந்து கலயத்தில் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்த நாட்டில் யாரோ கட்டிய முடிச்சு. துணியே இந்தப் பகுதியின் தொழில். அதன் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். என் கட்டைவிரல் அகலத்தில் இருந்தது.

எனக்கு அது என்னவென்று புரியாமல் இல்லை. புரிந்தது. மெய் சிலிர்த்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. படம் எடுத்தால் அது சாட்சியாகிவிடும் என்று பயந்தேன். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. காசுகளில் முகம் தெரிய வேண்டும். நகைப் பட்டறையில் வாங்கி வைத்திருந்த நைட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினேன். காசுகளை அதில் போட்டேன். குமிழ் வந்தது. நெசவு கரைந்தது. மஞ்சள் சோப்பும் பிரஷும் வைத்துத் தேய்த்தேன். திபேரியஸின் முகம் வெளியே வந்தது. சந்தோஷப்பட்டேன். அன்று எனக்கு வந்தது சந்தோஷம்தான் என்பதை மறைக்கக் கூடாது.

அமிலம் வெள்ளியையும் தின்றது. பல காசுகளின் எழுத்துகள் மழுங்கின. இங்கே கிடைக்கும் தெனாரியஸ்களில் சிலவற்றில் சிறு குத்துகளும் வெட்டுகளும் உண்டு. ரோம அக்கசாலையில் அடிக்காமல், பார்த்து அடித்த போலிகளும் இந்தக் குவியல்களில் கலந்திருக்கும். என் காசுகளில் அப்படி எவை இருந்தன என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டு எது, என் அமிலம் அரித்த குழி எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு காசு மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. பின்புறத்தில் ஓக் இலை வளையம். முன்புறத்தில் இளமையான முகம். நீரோ. கி.பி. 54-இல் பட்டத்துக்கு வந்தவன். கி.பி. 64-இல் அவன் தெனாரியஸின் எடையைக் குறைத்தான். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார்கள். இலை வளையக் காசு அதற்கு முந்தியது, முழு எடை கொண்டது. நீரோவின் காசுகள் நம் பக்கத்துக் குவியல்களில் குறைவு.

ஒரு குவியலில் கடைசியாக அடித்த காசுதான் அதற்குக் காலம் சொல்லும். திபேரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். அந்த நீரோ காசு இல்லாவிட்டால் இந்தக் கலயத்தைத் திபேரியஸ் காலத்தோடு நிறுத்திவிடுவார்கள். இருந்தால், 54-க்குப் பிறகுதான் புதைத்தார்கள் என்று அடித்துச் சொல்லலாம். பழைய காசுகளையே ஒரு தலைமுறைக்கும் மேல் தேர்ந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியவரும்.

அந்தக் காசை நான் மாற்றிக்கொண்டேன். வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் குடியரசுக் காலத்து வெள்ளிச் செஸ்டர்ஸ் ஒன்று இருந்தது. தெனாரியஸில் கால் பங்கு. ஒரு கிராம்தான் எடை. விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்க வேண்டும் என்று தவித்தேன். நீரோவைக் கொடுத்து அதை வாங்கினேன். மீதியில் சிலவற்றை விற்றேன். உரிமம் இல்லாமல் தொல்பொருள் விற்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதுவும் தெரிந்தேதான்.

இப்போது அந்த மனிதருக்கு வருகிறேன்.

காதுகுத்து நடந்தது. கறிச்சோறு போட்டிருக்கிறார். அது கண்ணை உறுத்தியது. கூடக் குழி வெட்டியவர்கள் யாரோ வாய்விட்டார்கள். கலயம் என்பது குடமாகிவிட்டது. வெள்ளி தங்கமாகிவிட்டது. தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பினார். பத்தர் என் வீட்டுக்கு ஓடிவந்தார். "அவனை உக்கார வெச்சுக் கேக்கறாங்களாமுங்க. வெள்ளிக் காசுதான், வெள்ளி வெலைக்குத்தான் வித்தேங்கறானாம். யாருகிட்டன்னு மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கறானாமுங்க" என்றார்.

பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்தில் சேரக்கூடிய ஊர். நான் போகவில்லை. பத்தரிடம், "நீங்களும் பேசாம இருங்க" என்றேன்.

ஓரிரு நாளில் தோட்டத்துக்காரரே வங்கிக்கு வந்தார். எனக்குப் பழக்கமானவர். பயிர்க்கடன் கணக்கு எங்கள் கிளையில்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்: "எங்க தோட்டத்துல ஒரு சட்டி தங்கமுங்க. எங்காளு ஒருத்தன் அடிச்சுட்டுப் போயிட்டான்."

இந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பாருங்கள். காசுகள் என் பீரோவில் இருந்தன. எண்ணிக்கை தெரியும், எடை தெரியும், கொடுத்த தொகை தெரியும். தங்கம் ஒரு குன்றிமணிகூட இல்லை என்று தெரியும். அந்தத் தொழிலாளியின் சொல்லை அந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சேரியிலிருந்து வந்தவர். நான் சொன்னால் நம்புவார்கள். தோட்டத்துக்காரருக்கு என் குடும்பம் எது, ஊர் எது என்று தெரியும். தூரத்துச் சொந்தம்கூட உண்டு. "அது தங்கம் இல்லீங்க, நான்தான் வாங்கினேன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்படிங்களா" என்றேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இரண்டாம் முறையும் எண்ணினேன். கை நடுங்கவில்லை.

என்ன பயம் என்று கேட்பீர்கள். வழக்கு வந்தால் வேலை போகும். அது ஒன்று. காசுகளைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது இன்னொன்று. எது முன்னால் வந்தது என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். காசுகள்தான் முன்னால் வந்தன. வேலை பிறகு.

அவரைப் போலீசிடம் ஒப்படைக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஊரில் வேறு எவரும் கூப்பிடவில்லை. கொடுத்திருந்த முன்பணத்தை உடனே கட்டச் சொன்னார்கள். காதில் புதுத் தோட்டோடு இருந்த மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார். பத்தர்தான் வந்து சொன்னார். எனக்கு வந்தது நிம்மதி.

சில ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கொங்கு நாட்டில் ரோமக் காசு கிடைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். என் தட்டைப் பார்த்தார். "இதெல்லாம் எங்கே கிடைச்சது சார்?" என்றார். கரூரில் அமராவதி மணலை அரிப்பவர்களுக்குப் பழங்காசுகள் கிடைப்பது எல்லோரும் அறிந்தது. ஆற்றில் கிடைத்தது என்றால் மேலே கேள்வி இல்லை. குழி இல்லை, கலயம் இல்லை, நிலத்துக்காரர் இல்லை. "அமராவதி" என்றேன். ஒன்றாகக் கிடைத்தவையா என்று கேட்டார். உதிரியாக வந்தவை என்றேன்.

அவர் அப்படியே எழுதினார். என்னைச் சந்தேகிக்க அவருக்குக் காரணம் இல்லை. ஆய்வேட்டின் முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைப் படி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். அவருடைய வரைபடத்தில் கரூரில் காசுகள் கூடிவிட்டன. உண்மையில் கிடைத்த ஊரில் ஒன்றும் இல்லை.

சிசிலித் தீவில் மோர்கான்டினா என்ற பழைய நகரம் இருக்கிறது. தெனாரியஸ் எப்போது பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே நீண்ட சண்டை. கி.மு. 269 என்றார்கள் சிலர். கி.மு. 187 என்றார்கள் சிலர். மோர்கான்டினாவில் அமெரிக்கர்கள் அகழ்ந்தபோது, இரண்டாம் பியூனிக் போரில் அழிந்த அடுக்குகளின் அடியில் தெனாரியஸும் அதன் அரைக்காசும் கால்காசும் கிடைத்தன. அந்த நகரம் ரோமர் கையில் விழுந்தது கி.மு. 211-இல். தெனாரியஸ் அதற்குள் பிறந்துவிட்டது என்று சண்டை தீர்ந்தது. அந்தக் காசுகள் எந்த அடுக்கில், எதற்கு அடியில் கிடந்தன என்று ஒருவர் குனிந்து எழுதி வைத்தார். அதனால் ரோமின் நாணய வரலாறே திருந்தியது.

இதைப் படித்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். நான் நீரோவைக் கொடுத்து வாங்கிய செஸ்டர்ஸ், மோர்கான்டினாவில் கிடைத்த அதே கால்காசு இனம். அதன் பிறந்த காலம் எனக்குத் தெரிவதே யாரோ செய்த அந்த வேலையால்தான். அந்த வேலையை என் ஊர் மண்ணுக்கு நான் செய்யவில்லை. செய்யக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் அமிலத்தில் போட்டேன். அன்றிலிருந்துதான் தூக்கம் கெட்டது. அதுவும் முதலில் காசுகளுக்காகத்தான் கெட்டது. அந்த மனிதருக்காகக் கெட இன்னும் நாளாயிற்று. என்னைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

பத்தரின் மகனிடம் விசாரித்துத் திருப்பூருக்குப் போனேன். அந்த மனிதர் இறந்துவிட்டார். மகள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காசு எத்தனை, கொடுத்தது எவ்வளவு, வங்கியில் நான் சொன்ன "அப்படிங்களா" வரை. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப எங்கப்பன் பொய் சொல்லலீங்க" என்றார்.

"இல்லம்மா. ஒரு சொல்லும் பொய் இல்லை."

"சாகற வரைக்கும் கேட்டமுங்க. யாருகிட்டப்பா குடுத்தேன்னு. எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. வாக்குக் குடுத்துட்டேன்னு மட்டும் சொல்லுவாருங்க."

ஒரு பையில் பணம் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதை நீட்டியதே இன்னொரு தவறு என்று பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மாவட்ட ஆட்சியருக்கு எழுதிவிட்டேன். என் கையில் மீந்த காசுகளின் பட்டியல், விற்றவற்றின் விவரம், குழி வெட்டிய தோட்டம், வாங்கிய தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த ஆய்வாளரிடமும் நேரில் சொன்னேன். அமராவதி என்று அவர் எழுதிய வரி பொய் என்றேன். இப்போது அவர் ஒரு கல்லூரியில் பேராசிரியர். அந்த வரியை நம்பி அவருடைய மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன என்றார். அவற்றையெல்லாம் எப்படித் திருத்துவது என்று என்னிடமே கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நீரோ காசை வாங்கியவர் அதைக் கைமாற்றிவிட்டார். அது இப்போது யாரிடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதவில்லை. மகள் வேண்டாம் என்றார். எங்கோ யாரோ படிக்கும் தாளில் அவர் பெயர் வருவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றார். வேறொன்று கேட்டார். அவர்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு எல்லோரும் கூடுவார்கள். தோட்டத்துக்காரரின் பிள்ளைகளும் வருவார்கள். கோயில் முன்னால் நின்று, தன்னிடம் சொன்னதை அங்கே சொல்ல வேண்டும் என்றார். அவரும் வந்து நின்று கேட்பாராம். நோம்பி வைகாசியில் வருகிறது. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.